தரைக்கும் டெக்குக்கும் ஆஸ்திரேலிய வன்மரம்: தேர்விலிருந்து பராமரிப்பு வரை ஒரு முழுமையான வழிகாட்டி

தைல மரம் என்றதும் நமக்கு நினைவு வருவது நீலகிரிக் காற்றில் கலந்திருக்கும் மணமும், காகித ஆலைக்குப் போகும் லாரியில் அடுக்கிய ஒல்லிக் கட்டைகளும்தான். அந்த மரத்தில் வீட்டுக்குத் தரை போடுகிறார்கள் என்று ஊரில் சொன்னால் பலர் நம்புவதில்லை. ஆஸ்திரேலியாவில் நாம் மிதித்து நடக்கும் வன்மரத் தரைகளில் பெரும்பாலானவை அந்தக் குடும்பம்தான். பிளாக்பட், அயர்ன்பார்க், ஜாரா எல்லாமே யூகலிப்டஸ். ஸ்பாட்டட் கம் அதற்கு மிக நெருங்கிய உறவு. டாஸ்மேனியன் ஓக் என்று விற்கப்படுவதும் ஓக் அல்ல, மூன்று யூகலிப்டஸ் இனங்களுக்குச் சேர்த்து வைத்த வணிகப் பெயர். நம் ஊரில் சில ஆண்டுகளிலேயே வெட்டிவிடுவதால் அந்த மரம் வைரம் பாய்வதை நாம் பார்ப்பதே இல்லை.

சிட்னியின் மேற்குப் புறநகரில் பல ஆண்டுகளாக மரத்தரையும், வீட்டுக்கு வெளியே பலகையால் அடிக்கும் திறந்த தளமான டெக்கும் போடும் வேலையில் இருக்கிறேன். புது வீடு வாங்கும் நம்மவர்கள் என்னிடம் முதலில் காட்டுவது கைபேசியில் ஒரு படம்: "அண்ணா, இந்த நிறம் வேண்டும்." நான் முதலில் கேட்பது வேறு: அந்த இடத்தில் தண்ணீர் எங்கிருந்து வரும், எப்படி வெளியே போகும்? நான் சரிசெய்யப் போன தரைகளில் மரம் மோசமானது என்பதால் கெட்டவை மிகச் சில. ஈரத்தைக் கணக்கில் எடுக்காததால் கெட்டவைதான் ஏராளம். அதனால் இந்த வழிகாட்டியில் நிறம் சற்றுப் பின்னால்தான் வரும்.

முதல் படி: எந்த இடம் என்று முடிவு செய்யுங்கள்

கூடத்துத் தரையும் வானம் பார்த்த டெக்கும் ஒரே மரத்தைக் கேட்பதில்லை. வீட்டுக்குள் முக்கியமானது கடினம். நாற்காலிக் காலும் குதிகால் செருப்பும் குழி விழுத்தக் கூடாது. வெளியில் முக்கியமானது மழையையும் பூஞ்சையையும் கறையானையும் தாங்கும் ஆயுள்.

கடினத்தை ஜங்கா என்ற அளவால் சொல்கிறார்கள். 11.28 மி.மீ. விட்டமுள்ள எஃகு உருண்டையை அதன் பாதி வரை மரத்துக்குள் அழுத்த எவ்வளவு விசை தேவை என்பதே அந்த எண். நமக்குப் பழகிய தேக்கு சுமார் 5 கிலோநியூட்டன். டாஸ்மேனியன் ஓக் கிட்டத்தட்ட 5.5, ஜாரா 8.5, பிளாக்பட் 9, ஸ்பாட்டட் கம் 11, சாம்பல் அயர்ன்பார்க் 14. ரேடியேட்டா பைன் 3.3 மட்டுமே. தேக்கைவிட உயர்ந்த மரமே கிடையாது என்று நம்பி வளர்ந்த எனக்கு, அயர்ன்பார்க் பலகையில் ஆணி வளைந்த முதல் நாள்தான் இந்த எண்களின் பொருள் புரிந்தது.

வெளியில் நிற்கும் ஆயுளுக்கு ஆஸ்திரேலியத் தர நிர்ணயத்தில் நான்கு வகுப்புகள் உண்டு. நிலத்தில் படாமல், மேலே காற்றோட்டமாக இருக்கும் முதல் வகுப்பு மரம் 40 ஆண்டுகளுக்கு மேல் நிற்கும் என்று எதிர்பார்க்கலாம். இரண்டாம் வகுப்பு 15 முதல் 40. மூன்றாம் வகுப்பு 7 முதல் 15. நான்காம் வகுப்பு அதற்கும் கீழே. ஸ்பாட்டட் கம், பிளாக்பட், அயர்ன்பார்க், டாலோவுட் ஆகியவை முதல் வகுப்பு. ஜாரா இரண்டாவது. டாஸ்மேனியன் ஓக் மூன்றாவது. உள்ளே அழகான தரை, வெளியே டெக்குக்கு ஆகாது. இந்த வகுப்பு வைரப் பகுதிக்கு மட்டுமே பொருந்தும். வைரத்தைச் சுற்றியுள்ள வெளிறு எந்த மரத்திலும் நீடிப்பதில்லை.

புதர்த்தீ அபாயமுள்ள பகுதியில் வீடு இருந்தால் இன்னொரு கேள்வி சேர்கிறது. ஒவ்வொரு மனைக்கும் தீத்தாக்க அளவு மதிப்பிடப்படும்: பி.ஏ.எல். 12.5, 19, 29, 40, அதற்கு மேல் தீ மண்டலம். பிளாக்பட், ஸ்பாட்டட் கம், சிவப்பு அயர்ன்பார்க், ரிவர் ரெட் கம், சில்வர்டாப் ஆஷ், டர்பன்டைன், மெர்பாவ் ஆகிய ஏழும் புதர்த்தீயை எதிர்க்கும் மரங்களாகத் தர நிர்ணயத்தில் இடம்பெற்றவை. சிட்னிக்கு மேற்கே உள்ள நீலமலை (புளூ மவுண்டன்ஸ்) போன்ற இடத்தில் வீடு வாங்கியிருந்தால் மரக்கடைக்குப் போகும் முன் உங்கள் மனையின் மதிப்பீட்டைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டாம் படி: இனத்தைத் தேர்ந்தெடுங்கள்

ஸ்பாட்டட் கம்: வெளிர் பழுப்பிலிருந்து சாக்லேட் நிறம் வரை ஒரே பலகைக் கட்டுக்குள் எல்லாமே வரும். அலையலையான ரேகை, மெழுகு பூசியதுபோல் வழுக்கும் தன்மை. பட்டை திட்டுத்திட்டாக உரிந்து புள்ளிகள் விழுவதால் இந்தப் பெயர். உள்ளேயும் வெளியேயும் ஒரே மரம் வேண்டும் என்பவர்களுக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான். ஒரு எச்சரிக்கை மட்டும் உண்டு. இதன் வெளிறை உளுக்கும் வண்டு விரும்பித் தின்னும். பலகையில் வெளிறு இருந்தால் அது பதப்படுத்தப்பட்டதா என்று கேட்டு வாங்குங்கள்.

பிளாக்பட்: தேன் கலந்த வைக்கோல் நிறம். அடிமரத்தில் நார்ப்பட்டை காட்டுத்தீயில் கருகி நிற்பதால் வந்த பெயர். நிறம் அதிகம் மாறாமல் ஒரே சீராக வரும். இருட்டான கூடத்துக்கு நல்லது. இதன் வெளிறை உளு வண்டு தொடுவதில்லை. டெக்கில் போட்டால் தொடக்க மாதங்களில் பழுப்புச் சாறு நிறையக் கசியும். அதைப் பின்னால் சொல்கிறேன்.

அயர்ன்பார்க்: பலகை ஒன்றைத் தூக்கினாலே தெரியும். தண்ணீரில் போட்டால் மூழ்கும். பாலங்களுக்கும் ரயில் ஸ்லீப்பர் கட்டைகளுக்கும் ஒரு காலத்தில் இதையே நம்பினார்கள். ஒவ்வொரு திருகாணிக்கும் முன்துளை போட்டே ஆக வேண்டும், ரம்பப் பற்கள் சீக்கிரம் மழுங்கும், கூலியும் ஏறும். பிள்ளைகளும் நாயும் ஓடும் வீட்டுக்கு இதைவிட உறுதியான தரை எனக்குத் தெரியாது.

ஜாரா: மேற்கு ஆஸ்திரேலியாவின் சிவப்பு. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் லண்டன் தெருக்களில் பாவு கட்டையாகப் பதித்தார்கள். ரயில் ஸ்லீப்பர்களாக இந்தியாவுக்கும் போனது. ஆனால் 2024 தொடக்கத்திலிருந்து மேற்கு ஆஸ்திரேலியாவிலும் விக்டோரியாவிலும் இயற்கைக் காடுகளில் வணிக நோக்கில் மரம் வெட்டுவது நிறுத்தப்பட்டுவிட்டது. புது ஜாரா அரிதாகி, விலையும் ஏறியிருக்கிறது. உங்களுக்கு அந்தச் சிவப்புதான் வேண்டுமென்றால், பழைய வீடுகளை இடித்து எடுத்த ஜாராவைத் தேடுங்கள். நூறு ஆண்டு காய்ந்த மரம்; ஆணித் துளையைச் சுற்றிய கருமைகூட அழகுதான். பெர்த்தில் பழைய வீடு வாங்கியவர்கள் கடைக்குப் போகும் முன் கம்பளத்தின் ஒரு மூலையைத் தூக்கிப் பாருங்கள். ஜாராத் தரை ஏற்கெனவே காலடியில் இருக்கலாம்.

டெக் என்றாலே கடைக்காரர்கள் காட்டும் மெர்பாவ் பெரும்பாலும் இந்தோனேசியா, பப்புவா நியூகினி பக்கமிருந்து இறக்குமதியாவது. நல்ல மரம், முதல் வகுப்பு, விலையும் கைக்கு எட்டும். ஆனால் திருட்டு மரவெட்டில் அதிகம் அடிபட்ட இனம் இது. காட்டைப் பொறுப்பாகப் பராமரித்து வெட்டிய மரம் என்று காட்டும் எஃப்.எஸ்.சி. அல்லது பி.இ.எஃப்.சி. சான்றிதழ் இல்லாத மெர்பாவை நான் வாங்குவதில்லை. உங்களையும் வாங்கச் சொல்லமாட்டேன்.

மூன்றாம் படி: தரமும் அகலமும்

செலெக்ட், மீடியம் ஃபீச்சர், ஹை ஃபீச்சர் என்ற மூன்று தரங்களும் வலிமையைப் பற்றியவை அல்ல, தோற்றத்தைப் பற்றியவை. கணு, பிசின் கோடு, பூச்சித் தடம் எவ்வளவு தெரியும் என்பதே வேறுபாடு. பிசின் கோடுகள் நிறைந்த ஹை ஃபீச்சர் பலகை பெரிய கூடத்தில் உயிரோட்டமாக இருக்கும். சிறிய அறையில் கண்ணை உறுத்தும். கையளவு மாதிரியைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். ஒரு சதுர மீட்டராவது விரித்துக் காட்டச் சொல்லுங்கள்.

அகலம் வெறும் அழகு விஷயம் இல்லை. பலகை அகல அகல அது விரிவதும் சுருங்குவதும் கண்ணுக்குத் தெரியும். முதல்முறை போடுபவர்களுக்கு உள்ளே 80 முதல் 85 மி.மீ., டெக்கில் 86 மி.மீ. என்பதே என் பரிந்துரை. மண்ணை ஒட்டி மிகத் தாழ்வாக அமையும் டெக்கில் 135 மி.மீ. பலகை போடவே வேண்டாம். கீழே ஈரம், மேலே வெயில், பலகை கிண்ணமாக வளைந்துவிடும்.

நான்காம் படி: ஈரத்தை அளந்து பாருங்கள்

இந்தப் படியில் மட்டும் அவசரப்படாதீர்கள். ஐப்பசி மழையில் வாசற்கதவு இறுகிக்கொள்வதும் பங்குனியில் தானாகத் தளர்வதும் நமக்குத் தெரியும். கதவு ஒன்றுதான், தரையோ அறுபது எழுபது பலகைகள் சேர்ந்தது. ஸ்பாட்டட் கம் தன் ஈரப்பதத்தில் ஒரு சதவீதம் மாறினால் அகலத்தில் சுமார் 0.38 சதவீதம் மாறும். 80 மி.மீ. பலகைக்கு அது 0.3 மி.மீ. ஐந்து மீட்டர் அகலக் கூடத்தில் இரண்டு சதவீத மாற்றம் என்றால் மொத்தம் 38 மி.மீ.; தடுக்காவிட்டால் அவ்வளவு தூரம் தரை நகரப் பார்க்கும். சுவரைத் தள்ளும், நடுவில் எழும்பும், அல்லது பலகைகளுக்கிடையே வாய் பிளக்கும்.

தரைப் பலகை 9 முதல் 14 சதவீத ஈரப்பதத்தோடு கடைக்கு வர வேண்டும். வந்ததும் ஈரப்பத மானியால் பத்துப் பலகைகளையாவது அளந்து எழுதி வையுங்கள். உங்கள் வீட்டுக்குள் எந்த அளவில் நிலைபெறும் என்பது ஊரைப் பொறுத்தது. கடலோரச் சிட்னி வேறு, நாள் முழுக்க ஏசியும் ஹீட்டரும் ஓடும் வீடு வேறு, உள்நாட்டு வறண்ட ஊர் வேறு. கட்டைப் பிரித்து, இடையில் குச்சி வைத்து, போடப்போகும் அறையிலேயே காற்றாட அடுக்குங்கள். எத்தனை நாள் என்பதை நாள்காட்டி சொல்லாது. மானியின் எண் அசையாமல் நிற்கும்போதுதான் மரம் தயார்.

கான்கிரீட் தளமாக இருந்தால் அதன் ஈரமும் சேர்த்தி. 25 மி.மீ. கனத்துக்கு ஒரு மாதம் என்பது தொழிலில் சொல்லும் கணக்கு, 100 மி.மீ. தளத்துக்கு நான்கு மாதம், மழையில் நனைந்திருந்தால் இன்னும் அதிகம். அளந்து பார்க்காமல் ஒட்டவே கூடாது.

தூண் மேல் நிற்கும் வீடாக இருந்தால் கீழே தவழ்ந்து போய்ப் பாருங்கள். இந்தத் தொழிலுக்கு வருமுன் நான் வாங்கிய முதல் வீட்டில் பிளாக்பட் தரை போட்ட ஏழாவது மாதம் ஒவ்வொரு பலகையின் இரு ஓரமும் எழும்பி, நடு தாழ்ந்தது. மரம் சரியில்லை என்று கடையில் சண்டை போட்டோம். தரை போட்டவர் மேலே இழைத்து மட்டமாக்கித் தந்தார். அடுத்த கோடையில் அதே பலகைகள் நடுவில் முதுகு தூக்கின. கூரைத் தண்ணீர்க் குழாய் ஒன்று உடைந்து வீட்டுக்கடியில் கொட்டிக்கொண்டிருந்ததை அதன் பிறகுதான் பார்த்தோம். அடிப்பக்கம் ஈரமானதால் ஓரம் எழும்பியது. எழும்பிய ஓரத்தை இழைத்துவிட்டதால், மரம் காய்ந்து சமனானபோது ஓரம் மெலிந்து நடு மேடாகிவிட்டது. வளைந்த தரையை வளைந்திருக்கும்போது இழைக்கவே கூடாது. ஈரத்தை நிறுத்தி, மானியில் எண் இறங்கும்வரை காத்திருந்து, பிறகு பாருங்கள். பாதிக்கு மேல் தானாகவே படிந்துவிடுவதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன்.

ஐந்தாம் படி: தரை போடுதல்

பலகையின் ஒரு பக்கம் நாக்கு, மறுபக்கம் காடி. 85 மி.மீ. அகலம் வரை நாக்கின் மேல் சாய்வாக ஆணி அடித்து, அடுத்த பலகையின் காடியால் மறைக்கலாம். அதற்கு மேல் அகலமானால் மேலிருந்து இரண்டு ஆணி வேண்டும், அல்லது தளம் முழுக்கப் பசை பரப்ப வேண்டும். பசை நெகிழும் பாலியூரித்தேன் வகையாக இருக்கட்டும். டாலோவுட்டும் ஸ்பாட்டட் கம்மும் எண்ணெய்த் தன்மை உள்ள மரங்கள். ஒட்டும் பக்கத்தைச் சுத்தம் செய்யாவிட்டால் பிடிக்காது.

சுவரோரம் சுற்றிலும் 10 மி.மீ. இடைவெளி விடுங்கள், சுவரின் அடியில் அடிக்கும் ஸ்கர்ட்டிங் பட்டை அதை மூடிவிடும். பலகைகளின் குறுக்கே ஆறு மீட்டரைத் தாண்டும் கூடமாக இருந்தால் நடுவிலும் விரிவுக்கு இடம் கொடுங்கள். கட்டுகளைக் கலந்து போடுவது முக்கியம். ஒரு கட்டு முழுவதையும் போட்டு முடித்துவிட்டு அடுத்த கட்டைப் பிரித்தால் அறையின் பாதி வெளிறியும் பாதி கருத்தும் நிற்கும்.

ஆறாம் படி: டெக் அடித்தல்

அடிச்சட்டம் பெரும்பாலும் பதப்படுத்திய பைன். எவ்வளவு பதப்படுத்தியது என்பதை ஹெச் எண்ணால் சொல்வார்கள்: மண்ணைத் தொடாத சட்டத்துக்கு ஹெச்3, மண்ணில் நிற்கும் தூணுக்கு ஹெச்5. மேலே முதல் வகுப்பு மரம் போட்டுவிட்டு அடியில் தவறான பைனை வைத்தால், பலகை இருக்கும், டெக் இருக்காது. சட்டத்தின் மேல்முகத்தில் நீர் தங்காமல் ஒட்டும் பட்டையைப் பரப்பிவிடுங்கள். செலவு சிறிது, பலன் பெரிது. கறையான் நடமாட்டத்தைக் குனிந்து பார்க்க அடியில் 400 மி.மீ. இடமிருந்தால் நல்லது.

19 மி.மீ. கனப் பலகைக்குச் சட்டங்களின் இடைவெளி 450 மி.மீ.யைத் தாண்டக் கூடாது. பலகைகளுக்கிடையே 4 மி.மீ. இடைவெளி விட்டு, ஒவ்வொரு சட்டத்திலும் இரண்டு திருகாணி போடுங்கள். பலகையின் நுனிக்கு அருகே கட்டாயம் முன்துளை. திருகாணி துருப்பிடிக்காத எஃகு. கடற்கரைப் பக்கம் 316 வகை. சாதாரண இரும்புத் துகள் ஒன்று ஈர மரத்தில் விழுந்தாலும், மரத்தின் துவர்ப்புச் சத்தோடு சேர்ந்து மைபோலக் கறுக்கும். கடுக்காயையும் இரும்பையும் சேர்த்து மை செய்த அதே வினைதான். அதனால் டெக்கின் மேல் கம்பி அறுக்காதீர்கள், இரும்பு நார் போட்டுத் தேய்க்காதீர்கள்.

போடுவதற்கு முன் பலகையின் நான்கு பக்கமும் ஒரு கை (ஒரு பூச்சு) எண்ணெய் பூசுங்கள். அறுத்த நுனிகளுக்கு இரண்டு கை. மரம் தண்ணீரை அதிகம் உறிஞ்சுவது நுனி வழியாகத்தான். டெக் தரையிலிருந்து ஒரு மீட்டரோ அதற்கு மேலோ உயர்ந்தால் கைப்பிடிச் சுவர் சட்டப்படி தேவை. நகராட்சி அனுமதி வேண்டுமா என்பதையும் முன்பே கேட்டுவிடுங்கள்.

துவர்ப்புச் சாறு: புது டெக்கில் முதல் சில மழைகளுக்குத் தேநீர் நிறத்தில் தண்ணீர் வடியும். வெள்ளைச் சுவர், டைல்ஸ், நீச்சல் குளத்தோரம் கறையாகும். டெக் அடித்த பிறகு மேற்பக்கத்துக்கு மறுபடி எண்ணெய் பூசுவதற்கு முன் நான்கிலிருந்து ஆறு வாரம் நனைய விடுங்கள், அல்லது அதற்கென விற்கும் டெக் கழுவியால் சாற்றை இறக்குங்கள். கீழே சிமெண்ட் தளம் இருந்தால் அதை அடிக்கடி கழுவுங்கள்; காய்ந்தால் எடுப்பது கடினம்.

ஏழாம் படி: மேற்பூச்சு

உள்ளே மூன்று வழிகள். கரைப்பான் கலந்த பாலியூரித்தேன் கெட்டியானது, நாளாக ஆக மஞ்சளாகும், வாடை வீட்டை விட்டுப் போகச் சில நாள் ஆகும். நீர் கலந்தது வாடை குறைவு, நிறத்தை மாற்றாது. ஆனால் பலகைகளின் ஓரங்களை ஒன்றோடொன்று ஒட்டிவிடக்கூடும். அப்போது சுருங்கும் காலத்தில் ஒவ்வொரு பலகைக்கும் மெல்லிய கோடு விழாமல், பத்துப் பலகைக்கு ஒரு பெரிய பிளவு விழும். மூன்றாவது மெழுகு எண்ணெய். மரத்தைத் தொட்ட உணர்வு இருக்கும், கீறிய இடத்தை மட்டும் தனியாகச் சரிசெய்யலாம். ஆனால் மஞ்சள் தூளும் எண்ணெய்த் துளியும் சீக்கிரம் பிடிக்கும். நம் சமையலறைக்கு நான் பாலியூரித்தேன்தான் சொல்வேன், கூடத்துக்கு மெழுகு எண்ணெய்.

டெக்கில் மேலே படலமாக நிற்கும் வார்னிஷ் வேண்டாம். அது உரியும்போது முழுவதையும் இழைத்தே எடுக்க வேண்டிவரும். ஊறும் டெக் எண்ணெயே போதும். வெயில் தாழ்ந்த நேரத்தில், மெல்லியதாக, இரண்டு கை. எண்ணெய் துடைத்த துணியைச் சுருட்டி மூலையில் போடாதீர்கள். உலரும்போது அது சூடேறித் தானாகவே தீப்பிடிக்கும். தண்ணீரில் நனைத்தோ, வெளியில் தனித்தனியே விரித்துக் காய வைத்தோதான் குப்பையில் போட வேண்டும்.

எட்டாம் படி: நாள்தோறும், ஆண்டுதோறும்

வெள்ளிக்கிழமை வாளித் தண்ணீர் ஊற்றி வீடு கழுவும் பழக்கத்தை மரத்தரையில் விட்டுவிட வேண்டும். என் அம்மா சிட்னிக்கு வந்தபோது இதைச் சொல்ல எனக்கே தயக்கமாக இருந்தது. நன்றாகப் பிழிந்த துணியால் துடைத்தால் போதும். நீராவி மாப் அறவே கூடாது. வினிகர், சோடா வேண்டாம், பூச்சு மங்கும். வாசலில் மிதியடி போடுங்கள், மணல்தான் தரையின் முதல் எதிரி. பூஜை அறையில் விளக்கின் கீழே பித்தளைத் தட்டு வையுங்கள். நல்லெண்ணெய் ஊறிய வட்டம் பூச்சு கிழிந்த இடத்தில் நிரந்தரமாகிவிடும். மஞ்சள் கறை பட்டால் பதறாமல் உடனே துடையுங்கள். மிச்சம் இருப்பது வெயில் படும் இடமாக இருந்தால் நாளடைவில் வெளிறும்.

புதுத் தரையில் முதல் சில மாதம் கம்பளத்தையும் சோபாவையும் அவ்வப்போது நகர்த்துங்கள். வெளிச்சம் பட்ட மரம் நிறம் மாறும். மூடிய இடம் தனித் திட்டாக நிற்கும்.

டெக்கில் பூந்தொட்டியை நேராக வைக்காதீர்கள். அடியில் கால் கொடுத்துக் காற்று போக விடுங்கள். பலகை இடுக்கில் சிக்கும் இலைகளை மழைக்கு முன் எடுத்துவிடுங்கள். எப்போது மறுபடி எண்ணெய் என்று தெரிய, நான்கைந்து சொட்டுத் தண்ணீர் விடுங்கள். முத்தாக நின்றால் இன்னும் காலம் இருக்கிறது. உறிஞ்சினால் நேரம் வந்துவிட்டது. வெயில் கொளுத்தும் வடக்குப் பக்கத்தில் ஆறு மாதத்துக்கு ஒருமுறை, நிழலில் ஓராண்டுக்கு ஒருமுறை என்று வரும். சாம்பல் நிறமாகிவிட்டால் மரம் கெட்டுவிடவில்லை. மேல்தோலை வெயில் தின்றிருக்கிறது, அவ்வளவுதான். ஆக்சாலிக் அமிலம் கலந்த டெக் கழுவியைக் கையுறையோடு பூசி, மென்மையான தூரிகையால் தேய்த்து, நீரால் அலசி, இரண்டு நாள் காய்ந்தபின் எண்ணெய் கொடுத்தால் பழைய நிறம் திரும்பும். உயர் அழுத்த நீர்ப்பீச்சியை நெருக்கிப் பிடித்தால் நார் எழும்பிப் பாதத்தில் சிலாம்பு ஏறும்.

உள்தரையை மறுபடி இழைப்பது பல ஆண்டுகளுக்கு ஒருமுறை வரும் வேலை. 19 மி.மீ. பலகையில் நாக்குக்கு மேலே கிட்டத்தட்ட 6 மி.மீ.தான் மரம் இருக்கும். இழைக்கக் கூப்பிடும் முன் தரையில் உள்ள ஹீட்டர் துவாரத்தின் மூடியைக் கழற்றி, வெட்டுமுகத்தில் எவ்வளவு மிச்சம் என்று அளந்து பாருங்கள். தரை போட்ட அன்று மிஞ்சிய ஐந்தாறு பலகைகளைத் தூக்கி எறியாமல், கட்டின் சீட்டோடு சேர்த்து வீட்டுக்குள்ளேயே உலர்ந்த இடத்தில் படுக்கையாக வைத்திருங்கள். பதினைந்து ஆண்டுக்குப் பின் ஒரு பலகை மாற்ற நேர்ந்தால், அதே கட்டின் பலகையை வேறெங்கும் வாங்க முடியாது.